பெட்சீட் மறைவில் வெயில்

கொழும்பு, பொரளையில் நான் காட்டப்போன லேடி டொக்டர் என் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் வெயிலுக்குள்ள போறதில்லையோ?"

"இல்லை டொக்டர். குடையில்லாமல் நான் படியிறங்கிறதே இல்லை," என்றேன். இரவிலும் பல் துலக்குகிறேன் என்று சொல்லும் பிள்ளையின் பெருமை என் குரலில் இருந்திருக்க வேண்டும். டொக்டர் பெருமூச்சு விட்டார்.

"விற்றமின் டி அடிமட்டத்தில கிடக்குது. கொலஸ்ட்ரோலும் குறைவு."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கொலஸ்ட்ரோல் கூடியதற்காக முட்டை மஞ்சட்கருவை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்று கொண்டிருந்த என் கணவரிடம் போய் இதை எப்படி எடுத்து வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"சிரிக்காதேங்கோ," என்றார் டொக்டர். "கெட்டது குறைஞ்சால் நல்லது. உங்களுக்கு நல்லதெல்லோ குறைஞ்சிருக்கு."

மாதவிடாய் நிற்கும் வரைக்கும் பெண்ணின் உடம்பில் ஊறும் ஹோர்மோன் இதயத்துக்கு ஒரு காவல் என்றும், அது நின்ற பிறகு காவல் தளர்ந்துபோகும் என்றும் அவர் விளக்கினார். இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் கொழுப்பை அள்ளிக்கொண்டு போய் ஈரலில் சேர்ப்பது நல்ல கொலஸ்ட்ரோலின் வேலை. என்னிடம் அந்த வேலைக்கு ஆள் போதாது.

"அப்ப வெயிலில நிண்டால் அது கூடுமோ?"

"விற்றமின் டி கூடும். மற்றதும் கூடுமெண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். உங்கட வயசுப் பொம்பிளையளிட்ட ரெண்டும் சேர்ந்து குறைஞ்சு கிடக்கிறதைக் கனக்கக் காணுறம். ஒண்டு மற்றதை இழுக்குதோ, ரெண்டையும் வேற ஏதும் இழுக்குதோ, இன்னும் சரியாத் தெரியாது. குளிசை எழுதித் தாறன். நடவுங்கோ. பொரிச்சதைக் குறையுங்கோ. கையும் காலும் கொஞ்சம் வெயிலைக் காணட்டும்."

எனக்குத் துணையாக வந்திருந்த மச்சாளுக்கும் அன்று அதே சோதனைகளை எழுதினார். அடுத்த கிழமை அவருக்கும் அதே முடிவு வந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டியபின் கப்பலில் வந்து சேர்ந்து, கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்கு விசாவுக்காக எங்களோடு காத்திருந்தார். இளமையில் அவருடைய நிறத்தைப் பற்றி ஊரில் கதைப்பார்களாம். அறுபதை எட்டிப்பிடிக்கும் வயதிலும் அந்த நிறத்தை அவர் அடகிலிருந்து மீட்டு வந்த நகைபோல் பத்திரப்படுத்தினார். நல்ல கொலஸ்ட்ரோல், கெட்ட கொலஸ்ட்ரோல் என்று நான் விளங்கப்படுத்தியபோது, அவருடைய முதல் சந்தேகம் வேறாக இருந்தது.

"கொழுப்பிலயும் உயர்ந்தது தாழ்ந்தது இருக்கோ?"

"ஓம் மச்சாள். அதுக்குள்ள சம்பந்தம் மட்டும் செய்யமாட்டினமாம்," என்றேன். அவர் அதைக் கேலி என்று எடுக்கவில்லை. தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

டொக்டருக்குச் சொல்வது சுலபம். வெள்ளவத்தையில் வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் தொடர்மாடி கடல்பக்க ஒழுங்கையில் இருந்தாலும், அடுத்த கட்டடம் அவ்வளவு நெருக்கம். எங்கள் குசினி ஜன்னலால் கை நீட்டினால் அவர்கள் வீட்டு உப்புப் போத்தலை எடுக்கலாம். வெயில் காலையில் பல்கனியின் ஒரு மூலைக்கு வந்து, என் துவாயை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். வீதியில் நிற்பதென்றால், அது யுத்த காலம். காரணமில்லாமல் தெருவில் நிற்கும் தமிழரிடம் காரணம் கேட்பார்கள். அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "கொலஸ்ட்ரோலுக்காக நிற்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

"மொட்டைமாடிக்குப் போங்கோவன்," என்றார் கணவர் பேப்பரை இறக்காமல். அவர் சொன்னவற்றில் நாங்கள் உடனே கேட்ட யோசனை அது ஒன்றுதான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிகளும் டிஷ் அன்ரெனாக்களும் காகங்களும் இருந்தன. ஒரு பக்கம் கட்டடங்கள். மறுபக்கம் கீழே றெயில் பாதை, பிறகு பாறைகள், பிறகு கடல். தண்டவாளத்தின் ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கிய ஒரு சென்றிப் பொயின்ற். அங்கே எப்போதும் ஒரு சிப்பாய் கடலைப் பார்த்தபடி நிற்பான். லிஃப்ற் எங்கள் கட்டடத்தில் பெரும்பாலும் அலங்காரத்துக்கு இருந்ததால், ஐந்து மாடியும் ஏறி மூச்சு வாங்கி நின்றோம். மச்சாள் வந்ததும் வராததுமாகக் குடையை விரித்தார்.

"மச்சாள், வெயில் காய வந்தனாங்கள்."

"காயிறன்தானே. கால் வெளியில கிடக்குது. முகத்துக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் என்ன தொடர்பு?"

மறுநாள் ஒரு சின்னக் கைக்கண்ணாடியும் கொண்டுவந்தார். கறுக்கிறாரா என்று இடைக்கிடை பார்ப்பதற்கு.

மூன்றாவதாகச் சேர்ந்தவர் இரண்டாம் மாடி டீச்சர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, சேலைக்கடைக்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தவர். பெண்கள் பாடசாலையில் சுகாதாரமும் விஞ்ஞானமும் படிப்பித்து ஓய்வு பெற்ற முஸ்லிம் பெண்மணி. படியில் எங்களை மறித்து, ஒவ்வொரு நாளும் எங்கே ஏறுகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னோம்.

"எனக்கும் அதே கொறதான் ஈக்குது," என்றார். "டொக்டர் செல்லி எவ்வளவு நாள். வெளிய போனா கையையும் தலையையும் மூடித்தானே போற. வெயிலுக்கு என்னயத் தெரியாது. எனக்கு வெயிலத் தெரியாது. நானும் வாறன். ஆனா ஒரு மறைப்பு வேணும்."

மறைப்பு அவரே செய்தார். துணிக்கொடிகளைச் சதுரமாக இழுத்துக் கட்டி, பெட்சீட்டுகளை விரித்து கிளிப் போட்டுவிட்டால், மேலே வானம் மட்டும் திறந்த ஒரு அறை கிடைத்தது. கடல் பக்கத்துப் பெட்சீட்டுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில் காற்று வர ஒரு இடைவெளி விட்டோம். மச்சாள் அந்த இடைவெளிக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் கதைத்ததுபோல் நான் வாழ்க்கையில் ஒருநாளும் கதைத்ததில்லை. நான் ஹவுஸ்கோட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, டீச்சர் தலைத்துணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மச்சாள் குடைக்குக் கீழே, மூவரும் எங்கள் உடம்புகளைப் பற்றிக் கதைத்தோம். திடீரென்று கழுத்திலிருந்து ஏறி முகமெல்லாம் நெருப்பாகும் சூட்டைப் பற்றி நான் சொன்னபோது, "எனக்கு மட்டும் எண்டெல்லோ இருந்தனான்" என்றார் மச்சாள். அந்தச் சூடு மொட்டைமாடியில் வந்தால், அது உள்ளிருந்து வந்ததா மேலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாமல் மூவரும் சிரித்தோம். காரணமில்லாமல் வரும் அழுகை, புருஷன்மாரின் குறட்டை, கோவிலில் பாதிப் பூசையில் அவசரமாக ஓடவேண்டி வருவது எல்லாம் வந்தன. கதைக்கிற வாய்க்கு ஏதாவது வேண்டுமென்று டீச்சர் மாவுக்குள் கறி வைத்துப் பொரித்த பெற்றிஸ் கொண்டுவந்தார். மச்சாள் தட்டை வடை பொரித்துக் கொண்டுவந்தார். நான் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி. பொரித்ததைக் குறைக்கச் சொன்ன டொக்டரின் பேச்சு எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் மறந்துபோனது.

ஒரு நாள் காலை, டீச்சர் தன் மாமியாரைப் பற்றிய கதையின் நடுவில் இருந்தபோது, படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் செருப்புப் போடுகிறவர்கள். சப்பாத்து என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியும். டீச்சர் தலைத்துணியை எடுத்தார். நான் ஹவுஸ்கோட்டை இறக்கினேன். மச்சாள் செய்வதறியாமல் குடையை மடித்தார்.

பெட்சீட் விலகியது. ஒரு பொலிஸ் சார்ஜன்ட், பின்னால் துப்பாக்கியுடன் இரண்டு இளம் சிப்பாய்கள். ஏதோ பெரிய கருவியை எதிர்பார்த்து வந்தவர்கள். மூன்று நாற்காலிகளையும் ஒரு தட்டு வடையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மொனவத மெத்தன கரன்னே?" என்றார் சார்ஜன்ட். இங்கே என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி.

 சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் வரும். வெயில் என்பதற்குச் சொல் தெரிந்தது. காய்வது என்பதற்குத் தெரியவில்லை. தெரிந்த வினைச்சொல்லைப் போட்டேன்.

"அவ்வ பொனவா."

வெயில் குடிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். சார்ஜன்ட்டின் கண் உடனே ஃபிளாஸ்க்குக்குப் போனது. ஒரு சிப்பாய் அதைத் திறந்து மணந்து பார்த்து, தேத்தண்ணிதான் என்று தலையசைத்தான்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. தண்டவாளத்துச் சென்றிக்காரன் பல நாளாகக் கவனித்திருக்கிறான். தினமும் ஒரே நேரத்தில் இந்த மொட்டைமாடியில் பெட்சீட்டுகள் ஏறுகின்றன. ஒரு நாள் நீலம், ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் பூப்போட்டது. காய்ந்த பிறகும் எடுக்கப்படுவதில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. இடையில், கடலை நோக்கி, யாருக்கோ சைகை காட்டுவதுபோல் விட்டு விட்டு ஒரு வெளிச்சம் மின்னுகிறது.

மச்சாளின் மடியில் கைக்கண்ணாடி கிடந்தது. சார்ஜன்ட் அதை இரண்டு விரலால் எடுத்தார்.  இதைவிடச் சின்ன விஷயங்களுக்காகக் கூட்டிக்கொண்டு போனவர்களை நாங்கள் அறிவோம். மச்சாளின் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் எதிர்பார்த்ததைவிட வெள்ளையாக இருந்தார்.

அப்போது டீச்சர் எழுந்தார். வகுப்பின் கடைசி வாங்கு மாணவிகள் வரைக்கும் கேட்கப் பழகிய குரலில், சுத்தமான சிங்களத்தில் தொடங்கினார். பெண்ணுக்கு ஐம்பது வயதளவில் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை முதலிலிருந்து ஆரம்பித்தார். சூலகம் என்றார். ஹோர்மோன் என்றார். மாதவிடாய் எப்படி முதலில் பிந்தி, பிறகு முந்தி, பிறகு ஒரேயடியாக நிற்கிறது என்றார். இரண்டு சிப்பாய்களும் அவசரமாகக் கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள். சார்ஜன்ட் "ஹரி, ஹரி", சரி போதும் என்று இரண்டு மூன்று தரம் மறித்துப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. இதயத்துக்கு வந்து, இரத்தக் குழாய்க்குள் போய், கொழுப்பை அள்ளி ஈரலில் கொட்டி, விற்றமின் டியில் முடித்தார்.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"அப்ப இந்தக் கண்ணாடி?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட்.

டீச்சர் மச்சாளைப் பார்த்தார். "ஏன் கண்ணாடி எண்டு கேக்கிறாரு. உள்ளதச் செல்லுங்க."

"கறுத்திட்டனோ எண்டு பாக்க," என்றார் மச்சாள் தரையைப் பார்த்து.

டீச்சர் அதை ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் மச்சாளின் முகத்தை, கடமையில் இருக்கும் அதிகாரியின் கவனத்தோடு, பார்த்தார்.

"நே," என்றார். "சுதுயி."

"என்னவாம்? என்னவாம்?" என்று மச்சாள் என் கையைப் பிடித்தார்.

"இல்லையாம். வெள்ளையாம்."

அந்த யுத்தம் முழுவதிலும் அரசாங்கத் தரப்பிலிருந்து மச்சாளுக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். பயத்தின் நடுவிலும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்ததை நான் கண்டேன்.

ஆனால் சார்ஜன்ட் அதோடு விடவில்லை. மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு வந்த சோதனை. பதில் கொண்டுபோக வேண்டும். கண்ணாடியை வைத்துக்கொண்டு, பின்னேரம் வீட்டுக்காரரைப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து விளக்கம் கொடுக்கச் சொன்னார்.

கீழே வந்தபோது அந்த வீட்டுக்காரரான என் கணவர், எங்கள் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் கையில் விசிறிபோல் பிடித்துக்கொண்டு, ஹோலின் நடுவில் நின்றார். சப்பாத்துச் சத்தம் அவர் வாசலைக் கடந்து மேலே போனதிலிருந்து அப்படியே நின்றிருக்கிறார். நாங்கள் சொல்லச் சொல்ல அவருக்கு முதலில் உயிர் வந்தது, பிறகு கோபம் வந்தது, கடைசியில் வேறொரு பயம் வந்தது.

"நான் போய் என்னண்டு சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லுங்கோ," என்றேன்.

"உதை எப்பிடியப்பா ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால நிண்டு…"

முப்பது வருட தாம்பத்தியத்தில் அவர் அந்த விஷயத்தை 'உது' என்பதற்கு மேல் ஒரு நாளும் சொன்னதில்லை. டீச்சர் அவரைக் கதிரையில் இருத்திப் பாடம் எடுத்தார். மாதவிடாய் நிற்பதற்குச் சிங்களப் பாடப்புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஆர்த்தவஹரணய. மதியம் முழுக்க அவர் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டுக்குள் நடந்தார். சோறு தின்னும்போதும் உதடு அசைந்தது.

பின்னேரம் போனவர் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தார். அதுவரை மச்சாள் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் நேர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

அவர் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். பெரிய அதிகாரிக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம். அவருக்கும் விளங்கவில்லை. அது ஏதாவது இயக்கத்தின் பெயரா என்று ஒருவருக்குச் சந்தேகம். இவருக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பொம்பிளைப் பொலிஸ் ஒருத்தி தலையை நிமிர்த்தி, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, சாதாரணச் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். 

"பேந்து?"

"பேந்து பெரியவர் கதவைச் சாத்தச் சொன்னார். எனக்குச் சீவன் போட்டுது. சாத்தினாப் பிறகு மெதுவாக் கேக்கிறார், 'என்ர வீட்டு நோனாவும் இரவில மின்விசிறியைக் கூட்டு கூட்டு எண்டு சண்டை பிடிக்கிறா, அதுவும் இதுதானோ?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம் எண்டன். எனக்கென்ன தெரியும்?"

மொட்டைமாடிக்குப் போகலாம், ஆனால் கண்ணாடி கூடாது, பெட்சீட் தினமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. மச்சாளின் கண்ணாடி திரும்பி வந்தது. டீச்சர் பூப்போட்டதைத் தெரிவு செய்தார்.

அன்று சாப்பிட்டு முடித்து நான் கோப்பை கழுவும்போது கணவர் குசினி வாசலில் வந்து நின்றார். குசினிக்கு அவர் வருவது அபூர்வம்.

"உமக்கு உந்தச் சூடு வாறது எவ்வளவு காலமா?"

"ரெண்டு மூண்டு வருசம் இருக்கும்."

"சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

 அவர் துடைக்கிற துணியை எடுத்து, நான் கழுவிய கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார். ஒரு கோப்பையை உடைத்தார். நான் அடுத்த கோப்பையை நீட்டினேன்.

சில மாதங்களின் பின் மூவரும் மறுபடி இரத்தம் கொடுத்தோம். மூவருக்கும் விற்றமின் டி ஏறியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரோல் எனக்கு ஒரு சொட்டு ஏறியிருந்தது. டீச்சருடையது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எல்லாரையும்விட நன்றாக ஏறியிருந்தது, குடைக்குக் கீழே இருந்த மச்சாளுக்கு. டீச்சர் அதைத் தன் தொழிலுக்கே வந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். பொரளைக்கு எங்களோடு வந்து டொக்டரை நேரே கேட்டார்.

"வெயில் காஞ்சது நான். ஏறினது அவவுக்கு. இது எப்பிடி?"

"குளிசை மூண்டு பேரும் போட்டியள். அதில டி ஏறும்," என்றார் டொக்டர். "நல்ல கொலஸ்ட்ரோல் வேற கதை. அஞ்சு மாடி ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கினது காரணமாயிருக்கலாம். சாப்பாடாயிருக்கலாம். பரம்பரையாயிருக்கலாம். ரெண்டும் சேர்ந்து வருகுது எண்டதுக்காக ஒண்டுதான் மற்றதைக் கொண்டுவந்தது எண்டு சொல்ல ஏலாது." பிறகு டீச்சரைப் பார்த்து, "பெற்றிஸ் சாப்பிடுறனீங்களோ?" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த இதயத்தின் படத்தைப் பார்த்தேன்.

"பரம்பரைதான்," என்றார் மச்சாள் திருப்தியாக. "எங்கட பக்கத்து இரத்தம் அப்பிடி."

திரும்பி வரும்போது பஸ்ஸை ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். நடு மத்தியானம். நிழல் என்று ஒன்று எங்கும் இல்லை. வரிசை நகரவில்லை. முன்னால் நின்றவர்கள் பேப்பரையும் கைப்பையையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு புறுபுறுத்தார்கள். குடைகளை மடிக்கச் சொல்லிவிட்டார்கள். மச்சாளும் வேறு வழியில்லாமல் மடித்தார். நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கையைக் கொஞ்சம் திருப்பி மற்றப் பக்கத்தையும் காட்டினேன். டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மணிக்கட்டு வரைக்கும் மூடியிருந்த சட்டைக் கையை ஒரு விரல் அளவுக்கு மேலே தள்ளினார்.

பைகளைச் சோதித்துக்கொண்டு வந்த பொம்பிளைச் சிப்பாய் எங்களிடம் வந்ததும், வெயிலில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னாள்.

"பரவாயில்ல மகள்," என்று சிங்களத்தில் சொன்னார் டீச்சர். "மெதுவா, ஆறுதலாச் செய்யுங்க."